டிராகன் பெட்டிக்கு வெயில் மின்சாரம்

மெல்பர்னில் பியர்டட் டிராகன் என்ற பல்லியை வளர்ப்பவர்கள் கூரையில் சோலார் பேனல் பொருத்தியதும் கேட்கும் முதல் கேள்வி, "இனி இதன் விளக்குச் செலவு மிச்சம்தானே?" என்பது. அடுத்தது, "கரண்ட் போனாலும் இனிக் கவலையில்லை அல்லவா?" முதல் கேள்விக்கு விடை, பகல் செலவில் பெரும்பகுதி மிச்சம். இரண்டாவதற்கு, பெரும்பாலான வீடுகளில், கவலை அப்படியே இருக்கிறது. கிரிட் எனப்படும் பொது மின்வலையுடன் இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், தெருவில் மின்சாரம் நின்ற நொடியிலேயே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வகுக்கப்பட்ட விதி அது. உச்சி வெயிலில் கூரை முழுக்கப் பேனல் மின்னிக்கொண்டிருக்கும். கீழே டிராகன் பெட்டியில் விளக்கு அணைந்திருக்கும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் சொல்லப்போகும் ஏற்பாடு இதுதான்: பகலுக்குக் கூரைப் பேனல், இரவுக்கு ஒரு சிறு பேட்டரி, இரண்டுக்கும் பின்னால் காவலாகக் கிரிட் மின்சாரம். ஒரு டிராகனை முழுக்க முழுக்கக் கிரிட்டைத் துண்டித்துச் சோலாரில் வளர்க்க முடியுமா என்றால் முடியும். மெல்பர்ன் குளிர்காலத்தில் அது ஏன் வீண் செலவு என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பியர்டட் டிராகன் நம் ஊர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சொந்த நிலம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே காலையில் வேலிக்கம்பத்திலோ பட்டுப்போன மரக்கட்டையிலோ ஏறி வெயில் காய்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகே அது இரை தேடப் புறப்படும். உண்டது செரிக்கவும் அதற்கு வெளிச் சூடு வேண்டும். பெட்டியில் நாம் தரும் வெப்பத்தை வசதிப் பொருளாக எண்ண வேண்டாம். அதன் செரிமானமும் நோய் எதிர்ப்பும் அந்த விளக்கின் கீழ்தான் நடக்கின்றன. மெல்பர்னோ தென் அட்சம் 38 டிகிரியில் இருக்கிறது. ஜூலை இரவுகளில் வெளியே 6, 7 டிகிரி சர்வ சாதாரணம். பழைய பலகை வீடுகளில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுத்தால் விடியும்போது அறை 12 டிகிரிக்கு இறங்கியிருக்கும்.

வளர்ந்த டிராகனுக்குத் தேவையான அளவுகள் இவை. வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி. பெட்டியின் குளிர் பக்கம் 22 முதல் 26. இரவில் 18 டிகிரி வரை இறங்கலாம். இறங்குவது நல்லதும்கூட, பாலைவனத்தில் இரவு குளிரும். இரவு முழுவதும் 28 டிகிரியில் பெட்டியை வைத்திருப்பவர்கள் தங்கள் பணத்தையும் பிராணியின் உறக்கத்தையும் சேர்த்தே கெடுக்கிறார்கள். பகலில் பலமான சூடு, இரவில் மிதமான காப்பு: இந்த ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டாலே சோலார் கணக்கில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் பெட்டி

பேனல் விலையை விசாரிக்கும் முன் பெட்டியைப் பாருங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் சேர்த்து 3.6 சதுர மீட்டர் பரப்பு. உள்ளே 18 டிகிரி, அறையில் 12 டிகிரி என்றால் இந்தப் பரப்பு முழுவதும் வெப்பம் கசியும். எல்லாப் பக்கமும் கண்ணாடி என்றால் கசிவு ஏறத்தாழ 80 வாட். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்றவை 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் 60 வாட். அந்தப் பிளைவுட்டின் வெளிப்புறத்தில் 25 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு ஒட்டி, இரவில் கண்ணாடிக்கு முன்னாலும் அதே போர்டில் ஒரு துண்டை நிறுத்தி வைத்தால் 20 வாட். காற்றுத் துளைகள் வழியாகப் போவதையும் சேர்த்து 25 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

80 எங்கே, 25 எங்கே! பதினைந்து மணி நேரக் குளிர்கால இரவில் கண்ணாடித் தொட்டி 1,200 வாட்-மணி தின்னும். காப்பிட்ட மரப்பெட்டி 375 வாட்-மணியோடு நிற்கும். இந்த 825 வாட்-மணி வித்தியாசத்தைப் பேட்டரியாக வாங்கப் போனால் நூற்றுக்கணக்கான டாலர். ஃபோம் போர்டாக வாங்கினால் ஒரு மாலை வேலை. சோலாருக்கென்று ஒதுக்கிய பணத்தின் முதல் பகுதி இங்கேதான் போக வேண்டும்.

ஃபோமை உள்ளே ஒட்டாதீர்கள். டிராகன் கடித்து விழுங்கும். விளக்கு பொருத்திய இடத்திலிருந்து விலக்கி வையுங்கள். ஹாலஜன் பல்பின் ஹோல்டரைச் சுற்றி ஃபோம் இருந்தால் தீப்பிடிக்கும். காற்றுத் துளைகளை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்க வேண்டாம். உள்ளே ஈரம் தங்கினால் பாலைவனப் பிராணிக்கு நுரையீரல் நோய் வரும். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் வீட்டின் உட்சுவரை ஒட்டி வைத்தாலும் சில வாட் மிச்சமாகும்.

இன்னொன்று: வெயில் வரும் சன்னலருகே கண்ணாடிப் பெட்டியை வைத்தால் மின்சாரமே வேண்டாமே என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் புகும் வெயில் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, அரை மணியில் பெட்டியை உயிர்கொல்லும் சூட்டுக்கு ஏற்றிவிடும். குளிரில் டிராகன் சோர்ந்து கிடக்கும்; நீங்கள் வந்து காப்பாற்ற நேரம் இருக்கும். அதிகச் சூட்டில் அந்த அவகாசம் கிடையாது. அதே சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரையும் தடுத்துவிடுவதால், எலும்பு வலுப்பட அந்தக் கதிர் தரும் பயனும் இல்லை.

ஒரு நாளைய தேவை

காப்பிட்ட அதே பெட்டியின் ஜூன் மாதக் கணக்கு. காலை 8 முதல் மாலை 5 வரை ஒன்பது மணி நேரம் 75 வாட் ஹாலஜன் பல்ப். தெர்மோஸ்டாட் குறைத்துக் கூட்டுவதால் முழு வாட்டில் எழுபது சதவீதம் என்று எடுத்தால் 470 வாட்-மணி. புற ஊதா பி கதிர் தரும் 39 வாட் யுவிபி டியூப் அதே ஒன்பது மணி நேரம், 350 வாட்-மணி. இரவுச் சூட்டுக்கு 375. மொத்தம் ஏறத்தாழ 1,200 வாட்-மணி, அதாவது 1.2 யூனிட். யூனிட் 30 சென்ட் என்று வைத்தால் நாளொன்றுக்கு 36 சென்ட்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏறத்தாழ எழுபது சதவீதம் பகலில் செலவாகிறது என்பது. பிராணி எப்போது வெயில் காய விரும்புகிறதோ அப்போதுதான் கூரையிலும் வெயில் காய்கிறது. வீட்டில் வேறெந்தச் சாதனத்துக்கும் இப்படியொரு பொருத்தம் அமைவதில்லை. பேட்டரியின் வேலை மீதி முப்பது சதவீதம் மட்டுமே.

கிரிட்டே வேண்டாம் என்பவருடைய கணக்கையும் பார்த்துவிடுவோம். 1.2 யூனிட்டோடு, 230 வோல்ட் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே குடிக்கும் மின்சாரத்தைச் சேர்க்க வேண்டும். 15 வாட் என்றாலும் 24 மணி நேரத்தில் 360 வாட்-மணி. டிராகனின் இரவு முழுவதற்கும் ஆகும் அளவு அது. பேட்டரி இழப்பையும் சேர்த்தால் 1.6 யூனிட். 400 வாட் பேனல் ஒன்றை வடக்கு நோக்கி நன்றாகச் சாய்த்து வைத்தால் ஜூன் மாதத்தில் சராசரியாக முக்கால் யூனிட் கிடைக்கும். மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடினால் அதில் கால்பங்குகூட வராது. ஆகவே நான்கு பேனல்களும் மூன்று யூனிட் கொள்ளும் பேட்டரியும் இல்லாமல் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஜனவரியிலோ அதே பேனல் ஒன்றே நாளுக்கு 1.8 யூனிட் தரும். அப்போது ஹீட்டர் தேவையே பெரிதாக இருக்காது. தேவை கூடும் மாதத்தில்தான் வரத்து சுருங்குகிறது. நாளுக்கு 36 சென்ட் மிச்சப்படுத்த ஆயிரக்கணக்கான டாலர் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூரையில் ஏற்கெனவே பேனல் இருந்தால்

இது எளிய நிலைமை. ஆஸ்திரேலிய வீடுகளில் பரவலாகக் காணப்படும் 6.6 கிலோவாட் அமைப்பு, நிழல் விழாத வடக்குக் கூரையில் இருந்தால், ஜூன் மாதத்திலும் சராசரியாக நாளுக்கு 10 யூனிட்டுக்குக் குறையாது. டிராகனின் பகல் தேவை அதில் ஒரு யூனிட்டுக்கும் கீழே. நீங்கள் செய்ய வேண்டியது நேரத்தைச் சரிசெய்வது மட்டுமே. வேலைக்குப் போகும் முன் டிராகனோடு நேரம் செலவிட விரும்புகிறவர்கள் காலை ஆறு மணிக்கே விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். ஜூனில் மெல்பர்னில் சூரியன் உதிப்பதே ஏழரை மணியளவில்தான். டைமரை எட்டுக்குத் தள்ளுங்கள். பிராணிக்கும் அதுவே இயல்பான விடியல்.

வீட்டுக்குப் பெரிய பேட்டரி போடும் எண்ணம் இருந்தால், ஆஸ்திரேலிய மத்திய அரசு 2025 ஜூலை 1 முதல் வீட்டு பேட்டரிகளுக்கு விலைச் சலுகை தருகிறது. 5 யூனிட்டுக்கும் குறைந்த கொள்ளளவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பொருத்துபவரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: கிரிட் போனாலும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கிடைக்கும் வசதி இதில் உண்டா, எந்தெந்த பிளக் பாயிண்டுகளுக்கு? பேட்டரி இருந்தும் அந்த வசதி இல்லாத அமைப்புகள் உண்டு. டிராகன் பெட்டி இருக்கும் அறையின் பாயிண்டை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் நிலையான வயரிங் வேலை எதுவானாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். விக்டோரியாவில் மற்றவர் செய்வது சட்டப்படி குற்றம்.

இரவுக்குத் தனி ஏற்பாடு

வாடகை வீட்டில் இருப்பவருக்கும், கூரையில் கைவைக்க முடியாதவருக்கும், கரண்ட் போகும் மலைப்புறங்களில் வசிப்பவருக்கும் நான் சொல்வது இந்த 12 வோல்ட் ஏற்பாடு. இதில் இன்வெர்ட்டர் கிடையாது. ஆகவே அது சும்மா குடிக்கும் மின்சாரமும் கிடையாது.

400 வாட் பேனல் ஒன்று. 100 ஆம்ப்-மணி கொண்ட 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று. அதில் 1,280 வாட்-மணி இருக்கும். ஆயிரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 25 வாட் இரவுத் தேவைக்கு 40 மணி நேரம், அதாவது வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு முழு இரவுகளைத் தாண்டும். பேனல் ஜூனில் சராசரியாக 750 வாட்-மணி தருகிறது, இரவு 375 கேட்கிறது. இழப்பெல்லாம் போக மீதமும் நிற்கும். முழு நாளைக்கும் நான்கு பேனல் கேட்ட கணக்கு, இரவை மட்டும் பிரித்ததும் ஒரே பேனலில் அடங்கிவிடுகிறது. ஈய-அமில பேட்டரி விலை குறைவுதான். ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெடும். அதை வாங்குவதாக இருந்தால் இரட்டிப்புக் கொள்ளளவு வாங்க வேண்டும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் எம்பிபிடி வகையாக இருக்கட்டும். கூரைப் பேனல்களின் மின்னழுத்தம் 12 வோல்ட்டைவிட மிகவும் அதிகம். மலிவான பிடபிள்யூஎம் வகை அந்த அதிகப்படியைப் பயன்படுத்தத் தெரியாமல் பாதிக்கு மேல் வீணாக்கிவிடும். பேனலை வடக்கு நோக்கி வையுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தெற்கு நோக்கி வைத்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் திசை மாறுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குளிர்கால வெயிலைப் பிடிக்க 50 டிகிரிக்கு மேல் சாய்வு வேண்டும். மெல்பர்ன் காற்றுக்கு, தரையில் நிறுத்திய பேனலைக் கனமான சிமென்ட் பாளங்களோடு இறுக்கிக் கட்ட வேண்டும்.

சூட்டுக்கு 40 வாட் 12 வோல்ட் ஹீட் மேட். டிராகனின் வயிற்றுக்குக் கீழே வேண்டாம். அடியிலிருந்து வரும் சூட்டை அது சரியாக உணர்வதில்லை. சுட்டுப் புண்ணாகும் வரை படுத்தே கிடக்கும். கடைகளில் விற்கும் சூட்டுக் கல்லை நான் எதிர்ப்பதும் இதனால்தான். மேட்டை உட்புறப் பின்சுவரில் பொருத்தி, உடம்பு படாதபடி முன்னால் கம்பி வலை தடுப்பு வையுங்கள். பகலுக்கு மட்டும் மேலிருந்து ஒளியோடு வரும் ஹாலஜன் சூடு வேண்டும். ஹாலஜனின் அகச்சிவப்புக் கதிர் உடலுக்குள் ஆழமாக இறங்கும். இரவில் பெட்டிக் காற்று 18 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும்.

இனி இந்த அத்தியாயத்தின் மிக முக்கியமான எச்சரிக்கை. ஊர்வனக் கடைகளில் கிடைக்கும் 230 வோல்ட் தெர்மோஸ்டாட்டை 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் மாட்டாதீர்கள். அவற்றில் பலவற்றுள் டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச் இருக்கிறது. மாறுதிசை மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுவதால்தான் அது அணைகிறது. நேர் மின்சாரத்தில் சுழியமே வராது. ஒருமுறை திறந்தால் மூடாமல் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். 12 வோல்ட் நேர் மின்சாரத்துக்கென்றே செய்த தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள். அதோடு, ஹீட்டருக்குப் போகும் வயரில் தனியாக ஒரு வெப்பத் துண்டிப்பானையும் தொடரில் இணையுங்கள். தெர்மோஸ்டாட் பழுதானாலும், சூடு எல்லை மீறும்போது அது தானே வெட்டிவிடும். மிகச் சிறிய, மலிவான பொருள் அது, உயிர் காக்கும்.

பேட்டரியின் நேர் முனைக்கு மிக அருகில் 5 ஆம்ப் ஃபியூஸ். ஹீட்டர் இழுப்பது 3 ஆம்ப் அளவுதான் என்றாலும், எங்காவது வயர் உரசித் தொட்டுக்கொண்டால் இந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பைக் கொட்டும். பத்து மீட்டர் தூரம் இழுப்பதாக இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுந்து ஹீட்டர் மந்தமாகும். பேட்டரியைப் படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் வைக்காதீர்கள். கார் ஷெட் நல்ல இடம். ஆனால் பலாரட் போல உறைபனி விழும் ஊர்களில், பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. குறைந்த வெப்பத்தில் சார்ஜைத் தடுக்கும் பாதுகாப்பு பேட்டரிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கிரிட்டை எப்படிப் பின்காவலாக வைப்பது? மாற்று ஸ்விட்ச் எதுவும் தேவையில்லை. 12 வோல்ட் ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை 19 டிகிரியில் வையுங்கள். அதே பெட்டியில், கிரிட்டில் ஓடும் 60 வாட் செராமிக் ஹீட்டரை அதற்குரிய தனித் தெர்மோஸ்டாட்டோடு 17 டிகிரியில் வையுங்கள்; அவசரத்தில் மட்டும் வரும் அந்த ஒரு டிகிரிக் குறைவை வளர்ந்த டிராகன் தாங்கும். பேட்டரியில் சக்தி இருக்கும்வரை பெட்டி 19 டிகிரியில் நிற்கும். செராமிக் ஹீட்டர் கண்விழிக்கவே விழிக்காது. நாலு நாள் மழையில் பேட்டரி தீர்ந்தால் வெப்பம் இரண்டு டிகிரி இறங்கும், செராமிக் ஹீட்டர் தானாக எழுந்து வேலையைத் தொடங்கும். கிரிட் போனால் பேட்டரி பார்த்துக்கொள்ளும். இரண்டு மூலங்கள், இரண்டு தெர்மோஸ்டாட்டுகள், ஒன்று மற்றொன்றை அறியாது. ஆகவே ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாது. எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளில் மிக நம்பகமானது இதுதான்.

வெயிலைத் தண்ணீரில் சேமிப்பது

பகலில் கூரை மின்சாரம் மிஞ்சுகிறது, பேட்டரி வாங்கப் பணமில்லை என்பவர் வெப்பத்தை வெப்பமாகவே சேமிக்கலாம். பெட்டிக்குள் பத்து கிலோ செங்கல் வைத்து 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அது 20 டிகிரிக்கு ஆறும்போது தரும் வெப்பம் 35 வாட்-மணி. ஒன்றரை மணி நேரத்துக்குக்கூட வராது. பத்து லிட்டர் தண்ணீரோ அதே இறக்கத்தில் 175 வாட்-மணி தரும். ஏழு மணி நேர இரவு அது.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் கலங்களில் தண்ணீர் நிரப்பி, பெட்டியின் பின்பக்கத்தில் பலகையால் பிரித்த தனி அறையில் வையுங்கள். அந்த அறைக்கும் பெட்டிக்கும் நடுவே துளைகள் வேண்டும். கலங்களின் அடியில் ஒரு ஹீட் மேட். டைமரில் காலை 10 முதல் மாலை 3 வரை மட்டும். தெர்மோஸ்டாட் முனையைக் கலத்தின் மேலேயே ஒட்டி 35 டிகிரியில் நிறுத்துங்கள். கலம் கசிந்தால் மின்சாரத்தின் மேல் சொட்டாதபடி அடியில் தட்டு வைப்பது அவசியம். ஒரு இரவின் ஏறத்தாழ பாதி இப்படியே கழியும், மீதிக்குக் கிரிட். இது பேட்டரிக்கு முழு மாற்று இல்லைதான். ஆனால் கெட்டுப்போக இதில் எதுவும் இல்லை.

கரண்ட் போன நாளில்

2021 ஜூன் புயலில் டாண்டினாங் மலைப்பகுதியில் பல வீடுகள் வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தன. அதுவும் குளிர்காலத்தில். 2024 பிப்ரவரி 13 அன்று விக்டோரியாவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் ஒரே நாளில் அறுந்தன. ஆகவே இது எப்போதோ நடப்பது என்று தள்ளிவைக்கக்கூடிய விஷயம் இல்லை.

முதலில், இரை கொடுப்பதை நிறுத்துங்கள். சூடில்லாமல் வயிற்றில் கிடக்கும் உணவு செரிக்காமல் அழுகும். வயிறு காலியாக இருக்கும் வளர்ந்த டிராகன் 15 டிகிரி இரவைத் தாங்கிக்கொள்ளும். குஞ்சுகள் அவ்வளவு தாங்கா, அவற்றை முதலில் கவனியுங்கள். பெட்டியைப் போர்வையால் மூடி, குடும்பம் கூடியிருக்கும் அறைக்கு நகர்த்துங்கள். நகர்த்த முடியாத பெட்டி என்றால், காய்கறிக் கடைகளில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையோடு டிராகனை அதில் வைக்கலாம். நிலக்கரி அடுப்பு, கேஸ் பார்பிக்யூ எதையும் வீட்டுக்குள் மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உங்களையும் சேர்த்துக் கொல்லும்.

யுவிபி டியூப் சில நாள் எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. உள்ள சக்தியை வெப்பத்துக்கு மட்டும் செலவிடுங்கள். பகலில் நான்கு மணி நேரம் 50 வாட் ஹாலஜன் எரிய 200 வாட்-மணி போதும். மேலே சொன்ன 12 வோல்ட் பேட்டரியில் ஜூனிலும் அவ்வளவு மிச்சம் இருக்கும். அதற்கென்று 150 வாட் சிறு இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, தேவைப்படும்போது மட்டும் இணையுங்கள். அது ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். மலிவான மாடிஃபைட் வகையில் பல்ப் எரியும், ஆனால் ஒளியைக் குறைத்துக் கூட்டும் தெர்மோஸ்டாட்டுகள் தடுமாறும். யுவிபி டியூபின் பேலஸ்ட்டும் கெடலாம்.

கார்ப்பெட் பைத்தான் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குச் சூட்டுப் பக்கம் 30 முதல் 32 டிகிரி தேவை. இரவிலும் டிராகனைவிடச் சற்று அதிகச் சூடு வேண்டும் என்பதால் இரவுக் கணக்கை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரை விழுங்கிய மறுநாள் குளிர் தாக்கினால் பாம்பு அதைக் கக்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்திருக்கும் வாரத்தில் அதற்கு எலி கொடுக்காதீர்கள். டிராகனோ பைத்தானோ, எதை வளர்ப்பதானாலும் மாநில அரசின் உரிம விதியைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்; காட்டிலிருந்து பிடிப்பது குற்றம். பால் பைத்தான், லெப்பர்டு கெக்கோ போன்ற அயல்நாட்டு ஊர்வனவற்றை ஆஸ்திரேலியாவில் வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, 25 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில், பேனலும் பல்பும் இல்லாத வழியும் இருக்கிறது. கம்பி வலைக் கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி, டிராகனைத் தோட்டத்தில் வெயில் காய விடுங்கள். எந்த டியூபும் தராத புற ஊதாக் கதிர் அங்கே இலவசம். அரை மணி போதும், ஆனால் அந்த அரை மணியும் பக்கத்திலேயே இருங்கள். கர்ராவாங் பறவையும் அண்டை வீட்டுப் பூனையும் காத்திருக்கும்.

இங்கே கொடுத்த வாட் கணக்குகள் எல்லாம் 12 டிகிரி அறையில் உள்ள ஒரு குறிப்பிட்ட அளவுப் பெட்டிக்கானவை. உங்கள் பெட்டி வேறு, உங்கள் அறை வேறு. பேனல் கடைக்குப் போகும் முன் பிளக்கில் மாட்டும் மின்அளவி ஒன்றை வாங்குங்கள், அல்லது வீட்டு மின்சாரத்தை அளக்கும் கருவிகளை இரவல் தரும் நகராட்சி நூலகம் பக்கத்தில் இருந்தால் எடுத்து வாருங்கள். ஜூலையில் ஒரு வாரம் பகலையும் இரவையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். அந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், கடைக்காரர் சொல்வதில் எது உங்களுக்குத் தேவை, எது தேவையில்லை என்பதை நீங்களே முடிவுசெய்யலாம்.